தலையாட்டினால் பதிவாகாது

ஸ்டெனோ வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகியும் கோர்ட்டில் அவருக்கு ஸ்டெனோ அக்கா என்ற பெயர் மட்டும் போகவில்லை. இருபத்திரண்டு வருஷம் நீதிபதியின் மேடைக்குக் கீழே, சாட்சிக் கூண்டுக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்து, அவரவர் வாயிலிருந்து விழுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் பிடித்து, சாயங்காலம் தட்டச்சு செய்து கொடுத்தவர். ஒருநாள் வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போயின. மணிக்கட்டு நரம்பு நசுங்கியிருக்கிறது, இனி வேகமாக எழுதவும் கூடாது, டைப் அடிக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவை நகல் பிரிவுக்கு அனுப்பினார்கள். தீர்ப்பு நகல்களிலும் சாட்சிய நகல்களிலும் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்துகிற வேலை. அதை இடது கையால் செய்யலாம்.

அங்கே ஆறு மாதம் ஓடியபோது மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சாட்சி சொல்ல வருகிற குழந்தைகளை இனி வராந்தாவில், விலங்கு மாட்டியவர்களும் போலீஸ்காரர்களும் போய் வருகிற வழியில், உட்காரவைக்கக் கூடாது. தனி அறை வேண்டும். கூட இருந்து பயத்தைப் போக்க ஓர் ஊழியர் வேண்டும். உத்தரவு வந்த அன்றைக்கு அலுவலகத்தில் எல்லாருக்கும் திடீரென்று வேலை தலைக்குமேல் வந்துவிட்டது. தலைமை எழுத்தர் பேனாவை மூடிக்கொண்டே, "உங்களுக்குத்தான் கையில வேலை இல்லையே, நீங்க பாத்துக்கங்க" என்றார். கை போன ஆளிடம் பேசுகிற பேச்சா இது என்று அக்கா வீட்டுக்கு வந்து கேட்டார். 

கொடுத்த அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அதில் ஏற்கெனவே குடியிருந்தவை வழக்குச் சொத்துகள். திருட்டுப்போய் மீட்ட சைக்கிள்கள், அரக்கு முத்திரை வைத்த சாக்கு மூட்டைகள், கறை உலர்ந்த ஒரு தலையணை, சீட்டுக் கட்டித் தொங்கவிட்ட கத்திகள், கம்பிகள். குழந்தையின் பயத்தைப் போக்கவேண்டிய இடத்தில் கொலைக் கத்தி எதற்கு என்று அக்கா கேட்டார். மூட்டைகள் ஒரு கோர்ட்டின் பொறுப்பு, சாவி இன்னொரு கோர்ட்டின் பொறுப்பு, இடம் மாற்ற மூன்றாவது ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். அக்கா வீட்டிலிருந்து இரண்டு பழைய படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டார். இரண்டாம் நாளே நாலு வயதுக் குழந்தை ஒன்று விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு வீறிட்டது. அதன்பிறகு விரிப்பின் கீழ்முனையில் செங்கல் வைத்தார். அந்த மூட்டைகள் நகர ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆயின. அதற்குள் அறுபது, எழுபது பிள்ளைகள் கத்திக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து படம் வரைந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அக்கா செய்யக்கூடாதவை என்று மூன்று இருந்தன. வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது. என்ன சொல்லவேண்டும் என்று சொல்லித்தரக் கூடாது. எல்லாம் நல்லபடியாக முடியும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. இந்த மூன்றையும் கழித்துவிட்டால் ஆறுதல் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது என்று ஆரம்பத்தில் அவருக்கே புரியவில்லை. போகப்போகத் தானே ஒரு வழி கண்டுகொண்டார். காலை ஒன்பது மணிக்கு, யாரும் வருமுன், பிள்ளையை அழைத்துப்போய்க் காலி கோர்ட் அறையைக் காட்டுவார். நீதிபதி எங்கே உட்காருவார், எந்தக் கதவு வழியாக வருவார், எதிரி எங்கே நிற்பான், அவனுக்கும் உனக்கும் நடுவில் எத்தனை மேசை இருக்கிறது, எண்ணிப் பார். கூண்டில் ஏறிப் பார். எட்டவில்லையா, பலகை போடுகிறேன். யாரைப் பார்க்கவும் பிடிக்கவில்லை என்றால் கீழே இப்போது என் இடத்தில் டைப் அடிக்கிற அக்காவைப் பார்த்துச் சொல். மூத்திரம் வந்தால் கேள், யாரும் திட்ட மாட்டார்கள். அழாதே என்று மட்டும் அவர் ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லை. அழுதால் அழட்டும், மூக்கைத் துடைக்க நான் இருக்கிறேனே என்பார்.

இன்னொன்றும் சொல்வார். தலையாட்டாதே, வாயால் சொல். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஸ்டெனோவாக இருந்த காலத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் கூண்டில் ஏறினான். அவனுக்கு என்ன நடந்தது என்பது இங்கே வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீல், இவர்தான் என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார். பையன் ஆமாம் என்று தலையை அசைத்தான். நன்றாக, மோவாய் நெஞ்சில் படும்படி அசைத்தான். நீதிபதி குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அரசு வக்கீல் வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றுவிட்டு, "பதில் இல்லை ஐயா" என்று சொல்லி அடுத்த கேள்விக்குத் தாவினார். பார்த்தது ஸ்டெனோ அக்கா ஒருவர்தான். தலையாட்டலுக்குச் சுருக்கெழுத்தில் கோடு கிடையாது. நடுவில் வாய் திறக்க ஸ்டெனோவுக்கு உரிமையும் கிடையாது. காதில் விழுந்ததை எழுதினார், பதில் இல்லை என்று. அந்த ஆள் விடுதலையானபோது தீர்ப்பில் அந்த வரியை எடுத்துப் போட்டிருந்தார்கள். அந்தத் தீர்ப்பையும் அக்காதான் டைப் அடித்தார்.

குழந்தைகள் அறைக்கு வந்து நாலாவது வருஷத்தில்தான் கட்டெறும்பு வந்தாள். அது வீட்டில் அவள் அப்பா வைத்த பெயர். அப்பா எலக்ட்ரீஷியன். கறுப்பாக, சின்னதாக, எந்நேரமும் விறுவிறுவென்று இருப்பாள், சீண்டினால் கடிப்பாள் என்று சொல்லித்தான் அறிமுகமே செய்தார். வயது ஒன்பது.

அவள் பள்ளிக்கூடத்தில் முந்தின வருஷம் நடந்த சம்பவம் அது. காலையில் வரிசையில் நிற்கும்போது பக்கத்து பெஞ்சுக்காரி, இவளுடைய உயிர்த்தோழி, ஷூவுக்குப் பாலிஷ் போடாமல் வந்துவிட்டாள். டிரில் மாஸ்டர் அவள் காதைப் பிடித்து இழுத்து ஓர் அறை விட்டார். அவள் போய்த் தண்ணீர்க் குழாய்த் திட்டில் மோதி விழுந்தாள். இடது காது போனது போனதுதான், திரும்பக் கேட்கவே இல்லை. நாற்பது பிள்ளைகள் பார்த்தார்கள். போலீஸ் வந்தபோது பதினொரு பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். வழக்கு கோர்ட்டுக்கு வருவதற்குள் பத்துப் பேரின் பெற்றோர், பரீட்சை இருக்கிறது, நமக்கெதற்கு வம்பு என்று கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது கட்டெறும்பு.

முதல் நாள் அறைக்குள் வந்தவுடனேயே அவள், "நான் அழ மாட்டேன். என்கிட்ட பொம்மை எல்லாம் குடுக்காதீங்க" என்றாள்.

அக்காவுக்கு அந்தக் கணமே அவளைப் பிடித்துப்போயிற்று. அழுகிற பிள்ளையைத் தேற்ற அவருக்குத் தெரியும். கோபமாக இருக்கிற பிள்ளையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில் ஆளுக்கொரு பென்சில் எடுத்துக்கொண்டு கோர்ட் அறையின் வரைபடம் போட்டார்கள். மாஸ்டர் நிற்கிற இடத்தில் அவள் ஒரு முட்டை வரைந்து அதற்குள் கன்னங்கரேலென்று கிறுக்கினாள். பென்சில் முனை உடைந்தது. அக்கா சீவிக் கொடுத்தார்.

அன்றைக்கு வழக்கு நடக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல் என்று வாய்தா வாங்கினார்கள். அவருக்கு எப்போதும் முகத்தில் சிரிப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும், அதனால் ஊழியர்கள் சிரிப்பு வக்கீல் என்பார்கள். மத்தியானம் கேன்டீனில் அவர் நாலு பேரோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்ததைக் கட்டெறும்பே பார்த்தாள். "காய்ச்சல் போயிடுச்சா?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா அவளைத் தரதரவென்று வெளியே கூட்டிப்போனார்.

இரண்டாம் முறை நீதிபதி பயிற்சிக்குப் போயிருந்தார். மூன்றாம் முறை வழக்குக் கட்டைக் காணவில்லை. மறுநாள் அது அலுவலகத்துத் தண்ணீர் டிரம்முக்கு அடியில், ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்த நிலையில் கிடைத்தது. நாலாம் முறை மாஸ்டரின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஐந்தாம் முறை வக்கீல்கள் பணிப் புறக்கணிப்பு. ஆறாம் முறை அவள் கூண்டில் ஏறிவிட்டாள். பெயர் சொன்னாள், வகுப்பு சொன்னாள். மணி ஐந்தாகிவிட்டது, மீதியை அடுத்த தேதியில் பார்ப்போம் என்று இறக்கி அனுப்பிவிட்டார்கள்.

ஒன்றே கால் வருஷம் இப்படிப் போயிற்று. ஒவ்வொரு தேதிக்கும் முந்தின நாளே அவள் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறாள், திரும்பி வந்து சுவரை உதைக்கிறாள் என்று அப்பா சொன்னார். ஒருமுறை பஸ்ஸிலேயே வாந்தி எடுத்து, வேறு சட்டை இல்லாமல் அப்பாவின் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள், முழங்கால் வரை தொங்கியது. அன்றைக்கும் வாய்தாதான். அவளைத் தேற்றி, தைரியம் சொல்லி, நிமிர்த்தி வைப்பது அக்கா வேலை. நிமிர்த்தி வைத்ததைச் சரித்துவிடுவது கோர்ட்டின் வேலை என்றாகிவிட்டது.

அக்கா அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் பாத்திரங்கள் பேசும். அவர் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், சமையல் அவர் பொறுப்பு. ஒருநாள் மூடியை அக்கா விட்டெறிந்த வேகத்தைப் பார்த்துவிட்டு, "அது என்ன குத்தம் பண்ணிச்சு? அதுக்கும் ஒரு வாய்தா குடுத்து அனுப்பேன்" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மூடியைப் பொறுக்கி எடுத்துப் பாத்திரத்தின்மேல் வைத்தார்.

மறுநாள் அவர் புதிதாக மாற்றலாகி வந்திருந்த நீதிபதியின் அறைக்கு நேரே போய்விட்டார். ஊழியர்கள் அப்படிப் போகிற வழக்கமில்லை. ஐயா, அந்தப் பிள்ளைக்கு நடந்தது மறக்க ஆரம்பித்துவிடும், மறக்காவிட்டால் இத்தனை நாள் கழித்து எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பார்கள், இரண்டில் எது நடந்தாலும் அது நம் தப்பு என்றார். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இனி இந்தச் சாட்சிக்கு வாய்தா கிடையாது என்று கட்டின்மேல் எழுதினார். தலைமை எழுத்தர் மூன்று நாள் அக்காவோடு பேசவில்லை.

ஏழாம் முறை வழக்கு நடந்தது. அக்கா கொண்டுவந்து போட்ட பலகைமேல் நின்று கட்டெறும்பு பார்த்ததைச் சொன்னாள். எந்தக் கையால் காதைப் பிடித்தார், எந்தக் கையால் அடித்தார், தோழி எந்தப் பக்கமாக விழுந்தாள், எல்லாம் பிசகில்லாமல் வந்தது. ஒன்றிரண்டு கேள்விக்குத் தெரியாது என்றாள். அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மரத்துப்போன விரல்களை இன்னொரு கையால் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு சிரிப்பு வக்கீல் எழுந்தார்.

"கண்ணு, ரொம்ப நல்லா சொல்றியே. யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல."

"ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டாம வாயைத் திறந்து பதில் சொல்றியே. வீட்டுலயும் அப்படித்தானா?"

"இல்ல. இங்க மட்டும்."

"இங்க மட்டும் அப்படிச் சொல்லணும்னு யார் சொன்னது?"

கட்டெறும்பு ஒரு கணம் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லக்கூடாது என்று சற்றுமுன்தான் உறுதிமொழி எடுத்திருந்தாள்.

"ஸ்டெனோ அத்தை."

அத்தை வேறென்ன சொன்னார் என்று அவர் கேட்டார். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லச் சொன்னார், டைப் அடிக்கிற அக்காவைப் பார்த்துச் சொல்லச் சொன்னார் என்று அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். எத்தனை முறை சொன்னார்? ஏழு முறை. சிரிப்பு வக்கீல் நீதிபதி பக்கம் திரும்பினார். கோர்ட் ஊழியரே சாட்சிக்குப் பாடம் நடத்தியிருக்கிறார், ஏழு முறை ஒத்திகை நடந்திருக்கிறது, இந்தச் சாட்சியத்தை ஏற்கக்கூடாது என்று அங்கேயே மனுப் போட்டார்.

அந்த ஏழு முறையில் ஆறு முறை அவர் தரப்பு வாங்கிய வாய்தாவாலும் கோர்ட்டின் கோளாறாலும் வந்தவை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று அக்காவுக்கு நெஞ்சு கொதித்தது. எழுந்து சொல்ல முடியாது. அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார், ஆனால் வார்த்தை தேடித் தேடிப் பேசினார். மனு என்று வந்துவிட்டால் விசாரிக்காமல் விடமுடியாது என்று சொல்லி நீதிபதி குறுக்கு விசாரணையை நிறுத்தினார். ஸ்டெனோ அக்காமீது விசாரணை. அது முடியும்வரை அவர் அந்தச் சிறுமியைப் பார்க்கவோ பேசவோ ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பவோ கூடாது. மீதிக் குறுக்கு விசாரணை ஒரு மாதம் கழித்து.

இறங்கி வந்த கட்டெறும்பின் முகத்தில் ரத்தமில்லை. தான் அத்தையைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். இல்லை என்று சொல்ல அக்காவுக்கு ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்கும் அந்த நிமிஷத்திலிருந்து தடை. அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வலது கையால், எழுத்து எழுத்தாக எழுதினார். வாயால் பதில் சொல்லும்படி சொன்னது உண்மை. எல்லாக் குழந்தைகளிடமும் சொல்லியிருக்கிறேன். இனியும் சொல்வேன். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"கடைசி வரியை எடுத்துடு."

"ஏன், பொய்யா?"

"உண்மைதான். அதுக்காகவே இன்னும் ரெண்டு மாசம் இழுப்பாங்க. நீ முறுக்கிட்டு நிக்கிற நேரமெல்லாம் அந்தப் பொண்ணு தலையிலதான் விழும்."

அக்கா வேறு தாள் எடுத்து முதல் இரண்டு வரியை மட்டும் மறுபடி எழுதினார். அந்த மூன்றாவது வரியை விட்டுக்கொடுத்ததுதான் அந்த வருஷத்திலேயே தனக்குக் கசந்த காரியம் என்று பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார்.

எட்டாம் முறைக்கான தேதி வந்தது. அக்கா பழையபடி நகல் பிரிவில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மாடிப்படிக்கடி அறைக்குப் பதிவறைக்காரரைப் போட்டிருந்தார்கள். ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி உள்ளவர், நல்ல மனுஷர். ஆனால் அக்காவுக்கு நடந்ததைப் பார்த்து அவர் மிரண்டுபோயிருந்தார். எதையாவது சொன்னால்தானே சொல்லிக்கொடுத்தார் என்பார்கள் என்று, பிள்ளைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பத்தரை மணிக்குக் கட்டெறும்பின் அப்பா நகல் பிரிவு ஜன்னலுக்கு வந்தார். சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்தது, வேலையிலிருந்து பாதியில் வந்திருக்கவேண்டும்.

"அக்கா, அவ உள்ள போக மாட்டேங்கிறா. மேசைக்கு அடியில பூந்துக்கிட்டா. நீங்க வந்து வாசல்ல ஒரு நிமிஷம் நின்னாப் போதும். பேசக்கூட வேணாம்."

அக்கா எழுந்தேவிட்டார். நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம்கூடக் கேட்டது. அப்போதுதான் அப்பாவின் தோளுக்குப் பின்னால், வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றவர் கண்ணில் பட்டார். சிரிப்பு வக்கீலின் ஜூனியர். நகல் கேட்டு மனுக்கொடுக்க வரவில்லை, யாரோடும் பேசவில்லை, பத்து மணியிலிருந்து அங்கேயே நிற்கிறார். எதற்கு நிற்கிறார் என்று அக்காவுக்குப் புரிந்துபோயிற்று. வாசல்வரை அவர் ஓர் அடி வைத்தால், பிள்ளை சொன்னது அத்தனையும் போய்விடும். காது போன பெண்ணுக்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி இது.

அக்கா உட்கார்ந்தார்.

"நான் வரல. நீங்க போங்க."

"ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா. நான் போய் அவகிட்ட சொல்லிக்கிறேன்."

"ஒண்ணும் சொல்லாதீங்க. என்னைப் பாத்ததாவே சொல்லாதீங்க."

அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார். வேண்டியபோது கூட இருந்துவிட்டு வேளை வந்ததும் கை கழுவுகிறவர்களைப் பார்க்கிற பார்வை அது. எல்லாரும் ஒன்றுதான் என்று அவர் முணுமுணுத்தது அக்காவுக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். அவர் போனபிறகு அக்கா முத்திரையை எடுத்துக் குத்தத் தொடங்கினார். எந்தக் கட்டு, எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. பக்கத்து மேசைக்காரி வந்து, மை தீர்ந்துபோய் வெற்று முத்திரையாகப் பதிந்துகொண்டிருக்கிறது என்று சொல்லும்வரை குத்திக்கொண்டே இருந்தார்.

கோர்ட் அறையில் நடந்ததை டைப் அடிக்கிற பெண் சாயங்காலம் வந்து சொன்னாள். இருபது நிமிஷம் கழித்துக் கட்டெறும்பு தானாக வெளியே வந்திருக்கிறாள். அப்பா கையைப் பிடிக்கவில்லை. கூண்டில் பலகை இல்லை, டியூப்லைட் மாட்ட யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். நீதிபதி நாற்காலி கொண்டுவரச் சொன்னபோது வேண்டாம் என்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நுனிக்காலில் நின்றே பதில் சொல்லியிருக்கிறாள். ஒரு கேள்விக்கும் தலையை ஆட்டவில்லை. அக்கா கேட்டுக்கொண்டார். வேறென்ன சொன்னாள் என்று கேட்டதற்கு அந்தப் பெண் மழுப்பிவிட்டாள்.

நான்கு நாள் கழித்து அந்தச் சாட்சியத்தின் நகல் கேட்டுச் சிரிப்பு வக்கீலே மனுப் போட்டார். பதினெட்டுப் பக்கம். முத்திரை குத்த அக்கா மேசைக்குத்தான் வந்தது. பதினாறாம் பக்கத்தில் அவர் கை நின்றது. இன்றைக்கு உங்கள் அத்தை சொல்லித் தரவில்லையா என்று கேள்வி. அதற்குக் கீழே பதில்: "அவங்க வரல. இனிமே வரவேணாம்."

அக்கா அதை இரண்டு முறை படித்தார். அந்தப் பக்கத்திலும் முத்திரை வைத்து அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

எட்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சத்தமாகப் பதில் சொல் என்பது சொல்லிக்கொடுத்தல் ஆகாது என்று நீதிபதி இரண்டே வரியில் எழுதி அந்த மனுவைத் தள்ளினார். அந்த இரண்டு வரியை மனுப் போட்ட அன்றைக்கே எழுதியிருந்தால் என்ன என்று கேட்க ஆளில்லை. டிரில் மாஸ்டர் குற்றவாளி, ஆறு மாதச் சிறை. அன்று சாயங்காலமே அப்பீலுக்காகத் தண்டனையை நிறுத்திவைத்து, ஜாமீனில் வீட்டுக்குப் போய்விட்டார். அப்பீல் இன்னும் நடக்கிறது. அங்கேயும் வாய்தா உண்டு.

அக்கா எச்சரிக்கப்பட்டதாக ஒரு தாள் கொடுத்து மறுபடி குழந்தைகள் அறைக்கே அனுப்பினார்கள். ஆனால் இனி ஒருவர் தனியாக இருக்கக் கூடாது, கட்டாயம் இரண்டு ஊழியர் வேண்டும் என்று புதிய விதி. இரண்டாவது ஆள் பதிவறைக்காரர். அவருக்குச் சர்க்கரை, அடிக்கடி லீவு. அவர் வராத நாட்களில் அறை பூட்டியிருக்கும், பிள்ளைகள் வராந்தாவில் விலங்குகளுக்கும் பூட்ஸ்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பார்கள். பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு அக்கா அவர்களோடு உட்கார்ந்துகொள்வார். அறைக்குள் தனியாக இருக்கக்கூடாது என்றுதானே விதி, வராந்தாவைப் பற்றி அதில் ஒன்றுமில்லையே என்று தலைமை எழுத்தரிடம் சொல்லிவிட்டார். தலைமை எழுத்தர் விதியை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அக்கா கட்டெறும்பைப் பார்த்தார். வளர்ந்து ஒல்லியாகி, முதுகில் பை, கையில் ஸ்கேல். அவளும் பார்த்தாள். விலகிப் போய்விடுவாள் என்று அக்கா நினைத்தார். அவள் நேரே வந்து நின்றாள்.

"அன்னிக்கு ஏன் வரல?"

அக்கா சொன்னார். மனுவையும் தடையையும் தூணில் சாய்ந்து நின்ற ஜூனியரையும், எல்லாவற்றையும், பெரியவர்களிடம் சொல்வதுபோலவே சொன்னார். வந்திருந்தால் நீ சொன்னதெல்லாம் வீணாகியிருக்கும் என்றார். அவள் ஸ்கேலைக் கம்பத்தில் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அதெல்லாம் அப்பா அப்புறம் சொன்னாரு. ஆனா வர மாட்டேன்னு எனக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்ல? நான் காலையிலேருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

அக்காவிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆள் மூலமாகவும் சொல்லக்கூடாது என்று உத்தரவு. அவர் அதைச் சொல்லவில்லை. உத்தரவில் இருந்தது அக்கா பெயர்தான். நீதிபதி சொல்லியிருக்கலாம், அரசு வக்கீல் சொல்லியிருக்கலாம், பதிவறைக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போடுமுன் ஒரு வாய் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. சொல்லச் சொல்லி அவர்களிடம் கேட்க அக்காவுக்கும் தோன்றவில்லை.

"சொல்லியிருக்கணும்" என்றார். "தப்புதான்."

அவள் 'ம்' என்றாள். கோபம் போய்விட்டதா என்று முகத்தில் தெரியவில்லை. பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பி, தோழிக்கு இப்போது காதில் மிஷின் வைத்திருக்கிறார்கள், ஆனாலும் வலது பக்கம் நின்று பேசினால்தான் நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள்.

மறுநாள் அக்கா ஒரு கடிதம் எழுதினார். குழந்தைச் சாட்சியோடு இருக்கும் ஊழியரை எக்காரணத்தால் மாற்றினாலும், அதைக் குழந்தைக்கு முன்கூட்டியே, நேரில், ஒருவர் சொல்லியாக வேண்டும் என்பதுதான் விஷயம். ஒரே பத்தி. தலைமை எழுத்தர் வாங்கி வைத்துக்கொண்டு, இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று கேட்டார். பரிசீலனையில் இருப்பதாகப் பதினோரு மாதமாகச் சொல்கிறார்கள்.